சட்டத்துக்கு வெளியே நீளும் வெள்ளரிக்காய்

லண்டன் நேஷனல் கேலரியில் கார்லோ கிரிவெல்லி என்ற இத்தாலிய ஓவியர் 1486இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கபிரியேல் என்ற தேவதூதர் மரியாளிடம் வந்து, இயேசு உன் வயிற்றில் பிறப்பார் என்று மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. பளிங்கு மாளிகை, மாடியில் உட்கார்ந்திருக்கும் மயில், கைப்பிடிச் சுவரில் மடித்துப் போட்ட துருக்கிக் கம்பளம், வானத்திலிருந்து இறங்கிச் சுவரில் இருக்கும் சின்னத் துளைக்குள் நுழைந்து மரியாளின் தலைக்கு வந்து சேரும் தங்கக் கதிர் என்று கண்ணுக்கு வேலை நிறைய. அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். படத்தின் அடி விளிம்பில், வாசற்படி போன்ற ஓர் இடத்தில், ஒரு ஆப்பிளும் ஒரு வெள்ளரிக்காயும் கிடக்கின்றன. வெள்ளரிக்காயின் நுனி படியைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. யாராவது இடித்தால் கீழே விழுந்துவிடும் போல.

தேவதூதர் வந்து நிற்கும் வீட்டு வாசலில் வெள்ளரிக்காய்க்கு என்ன வேலை?

மறுமலர்ச்சிக் கால ஓவியம் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவருக்கு இந்த ஒரு காயை வைத்தே பாதிப் பாடம் சொல்லிவிடலாம். சமயம் தெரிந்தவர்கள் ஆப்பிளை ஏவாள் தின்ற கனி என்பார்கள், வெள்ளரியை மீட்பின் அடையாளம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த நுனி ஏன் வெளியே நீள வேண்டும்? அடையாளம் மட்டும் காட்ட வேண்டுமானால் காயை உள்ளேயே வைத்திருக்கலாமே. அது ஓவியரின் குறும்பு. 'இது தட்டையான பலகைதான், ஆனாலும் இந்தக் காய் உங்கள் அறைக்குள் இருக்கிறது, பாருங்கள்' என்று அவர் மார்தட்டிக்கொள்கிறார்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். மறுமலர்ச்சி என்றதும் நமக்கு ஒரு கட்சிப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அதை ஒதுக்கி வையுங்கள். ரினைசன்ஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மறுபிறப்பு என்று பொருள். பழைய கிரேக்க, ரோமானியக் கலையும் நூல்களும் இத்தாலியில் மீண்டும் உயிர் பெற்றதாகக் கருதப்பட்ட காலம், ஏறக்குறைய 14ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை. நாள் குறித்துத் தொடங்கிய இயக்கம் எதுவும் கிடையாது. ஃபிளாரன்ஸில் ஒரு மாதிரி, வெனிஸில் ஒரு மாதிரி, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இன்றைய பெல்ஜியம் பக்கம் இன்னொரு மாதிரி என்று நடந்தது. தேதிகளை மனப்பாடம் செய்வதைவிட, அதற்கு முன்னால் படம் எப்படி இருந்தது என்று பார்த்தால் சட்டென்று புரியும்.

அதே நேஷனல் கேலரியில் மார்கரித்தோ டி அரெஸ்ஸோ 1260கள் வாக்கில் வரைந்த பலகை இருக்கிறது. அங்கே உள்ள மிகப் பழைய படங்களில் ஒன்று. நடுவில் மரியாள், மடியில் குழந்தை. குழந்தை என்று பேர்தானே தவிர, முகம் சின்ன உருவத்துப் பெரிய மனிதருடையது. பின்னால் முழுக்கத் தங்கம். வானம் கிடையாது, தரை கிடையாது, நிழல் கிடையாது. மரியாள் எந்த ஊரில், எந்த அறையில், எந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விக்கே இடமில்லை. அந்தத் தங்கம் சொர்க்கம். சொர்க்கத்தில் கடிகாரம் ஓடாது.

1857இல் இந்தப் பலகையை வாங்கியவர் கேலரியின் முதல் இயக்குநர் சார்ல்ஸ் ஈஸ்ட்லேக். ஏன் வாங்கினார் தெரியுமா? மறுமலர்ச்சிக்கு முன் ஓவியம் எவ்வளவு காட்டுமிராண்டித்தனமான நிலைக்கு இறங்கிக் கிடந்தது என்று மக்களுக்குக் காட்டத்தான். பாவம் மார்கரித்தோ. 'இப்படி இருக்கக் கூடாது' என்பதற்கு எடுத்துக்காட்டாக அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த படம் அது. இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. தங்கப் பின்னணியில் நேராக உட்கார்ந்து நம்மைப் பார்க்கும் அந்த மரியாளுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. வேண்டுபவருக்கு அது போதும். அதற்கும் கிரிவெல்லியின் வெள்ளரிக்காய்க்கும் இடையே இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள். அந்த இடைவெளியில்தான் பலகை ஜன்னலாக மாறியது.

ஜன்னல் என்ற உவமை என்னுடையது இல்லை. லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி என்ற ஃபிளாரன்ஸ் அறிஞர் 1435இல் ஓவியத்தைப் பற்றி எழுதும்போது, தான் முதலில் ஒரு கட்டம் வரைந்து அதைத் திறந்த ஜன்னலாக எண்ணிக்கொள்வதாகச் சொன்னார். ஜன்னல் வழியே பார்த்தால் தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரிய வேண்டும். எவ்வளவு சிறிதாக? அதற்குத்தான் கணக்கு. நீண்ட ரயில் பாதையின் நடுவில் நின்று பார்த்தால் தண்டவாளம் இரண்டும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும் அல்லவா? தரையில் உள்ள கோடுகள் எல்லாம் அப்படி ஒரு புள்ளியை நோக்கி ஓடும்படி வரைவதுதான் பெர்ஸ்பெக்டிவ். கிரிவெல்லியின் படத்தில் தெருக்கற்களின் கோடுகளை விரலால் தொடர்ந்து போனால் தெரு முனையில் உள்ள வளைவு வாசல் பக்கம் போய்ச் சேரும். கண்ணும் அங்கேதான் போகிறது, நாம் சொல்லாமலேயே.

இந்தக் கணக்கின் மேல் பைத்தியமாக இருந்தவர் பாவ்லோ உச்செல்லோ. ராத்திரி தூங்கப் போகாமல் இதையே போட்டுக்கொண்டிருப்பாராம். மனைவி கூப்பிட்டால், இந்த பெர்ஸ்பெக்டிவ் எவ்வளவு இனிமையானது தெரியுமா என்பாராம். ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி சொன்ன கதை. வசாரி கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதால் பாதி நம்பினால் போதும். ஆனால் நேஷனல் கேலரியில் இருக்கும் சான் ரொமானோ போர்க்கள ஓவியத்தைப் பார்த்தால் முழுக்கவே நம்பத் தோன்றும். 1432இல் ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடந்த சண்டை. தரையில் ஒடிந்து கிடக்கும் ஈட்டிகளைப் பாருங்கள். சண்டையில் ஒடிந்த ஈட்டி எங்கெங்கோ தாறுமாறாகத்தான் விழும். இங்கே கட்டம் போட்ட நோட்டில் கோடு போட்டது போல அழகாக வரிசை பிடித்து, பின்னால் ஓர் இடத்தை நோக்கிக் கிடக்கின்றன. இடது பக்கம் கீழே ஒரு வீரர் இறந்து குப்புற விழுந்திருக்கிறார். அவரும் அதே கோட்டுக்கு ஏற்ப ஒழுங்காக விழுந்திருக்கிறார்! குதிரைகள் எனக்கு ராட்டினத்துக் குதிரை போலத்தான் தெரிகின்றன. புதுக் கருவி கையில் கிடைத்தவர் எதைப் பார்த்தாலும் அதைக் கொண்டே அளப்பார். அந்த ஆர்வமே இந்தப் படத்தின் அழகு.

கணக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சமையலறைச் சமாச்சாரம்.

அந்தக் காலத்து இத்தாலியப் பலகை ஓவியம் பெரும்பாலும் பாப்லர் மரப் பலகையில் தொடங்கும். பலகைக்கு மேல் ஜிப்சமும் பசையும் கலந்த மாவைப் பல பூச்சுப் பூசி, பளபளவென்று தேய்த்து, அதற்கு மேல் வண்ணம். வண்ணப் பொடியைக் குழைக்க முட்டையின் மஞ்சள் கரு. இதற்கு டெம்பரா என்று பெயர். மஞ்சள் கரு எவ்வளவு சீக்கிரம் காயும் என்று சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்தவருக்குத் தெரியும். தூரிகையை எடுத்து வைப்பதற்குள் காய்ந்துவிடும். அதனால் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு ஈரத்தில் கலந்து இழைக்க முடியாது. மெல்லிய சின்னச் சின்னக் கோடுகளாக அருகருகே போட்டுத்தான் கன்னத்தின் உருட்சியைக் கொண்டுவர வேண்டும். டெம்பரா படங்களின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோடுகள் தெரியும்.

வடக்கே வேறு வழி கண்டிருந்தார்கள். ஆளி விதை எண்ணெய் போன்ற எண்ணெயில் வண்ணத்தைக் குழைப்பது. எண்ணெய் மெதுவாகக் காயும். கலக்கலாம், துடைக்கலாம், கண்ணாடித் தாள் போல மெல்லிய பூச்சை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றலாம். யான் வான் ஐக் என்ற வடநாட்டு ஓவியர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அது சரியில்லை, அவருக்கு முன்பே எண்ணெய் இருந்தது. ஆனால் அவர் அதை வைத்துச் செய்ததைப் போல முன்பு யாரும் செய்யவில்லை.

1434இல் அவர் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியம் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 82 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். ப்ரூஜ் நகரத்தில் குடியேறிய, இத்தாலியின் லூக்கா ஊரைச் சேர்ந்த வணிகர் ஒருவரும் ஒரு பெண்ணும் ஓர் அறையில் நிற்கிறார்கள். பார்த்ததும் எல்லோரும் அந்தப் பெண் கர்ப்பிணி என்று நினைப்பார்கள். இல்லை, அந்தக் காலத்து நாகரிகப்படி ஏராளமான துணியை வயிற்றருகே கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஜன்னலோரம் ஆரஞ்சுப் பழங்கள். அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் ஆரஞ்சு வாங்கக் கையில் காசு வேண்டும். மேலே பித்தளை விளக்குக் கொத்தில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. காலடியில் சடை நாய்க்குட்டி, அதன் ஒவ்வொரு ரோமமும் தெரிகிறது.

பின்சுவரில் குவி கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் இருவருடைய முதுகும் தெரிகிறது, ஜன்னல் தெரிகிறது, வாசலில் நிற்கும் வேறு இரண்டு பேர் தெரிகிறார்கள். அதாவது நாம் நிற்கும் இடத்தில் யாரோ நிற்கிறார்கள். கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளில் ஒரு காட்சி, விரல் நகத்தைவிடச் சிறிதாக. கண்ணாடிக்கு மேலே சுவரில் அலங்கார எழுத்தில் 'யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434' என்று லத்தீனில் எழுதியிருக்கிறார். நம் ஊர்க் கோட்டைச் சுவர்களில் பேர் கிறுக்கிவிட்டுப் போகிறவர்கள் நினைவுக்கு வந்தாலும், இது கையெழுத்து. படத்தை 1842இல் கேலரி 600 பவுண்டுக்கு வாங்கியது.

இனி நிறத்துக்கு வருவோம். மரியாளின் மேலாடைக்குப் பூசும் மிகச் சிறந்த நீலம் அல்ட்ராமரீன். 'கடலுக்கு அப்பாலிருந்து வந்தது' என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுப்பது. தங்கத்துக்கு நிகரான மரியாதை அதற்கு. எந்த நீலம் பூச வேண்டும், மலிவு நீலம் போட்டு ஏமாற்றக் கூடாது என்று ஓவியரோடு எழுதும் ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். வெனிஸ் ஓவியர் டிஷியன் 'பாக்கஸும் அரியாட்னேயும்' படத்தில் வானத்தில் அதை வாரி இறைத்திருப்பார். இத்தாலியின் ஃபெராரா நகரத்தை ஆண்ட கோமகனின் தனியறைக்காக வரைந்தது. காசு யாருடையது என்பது வானத்தைப் பார்த்தாலே தெரியும்.

சிவப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஒளி ஊடுருவும் ஆழ்ந்த சிவப்புப் பூச்சுகளை ஆங்கிலத்தில் 'லேக்' என்பார்கள். ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரக்குக்கு வடமொழியில் உள்ள லாக்ஷா என்ற பெயரிலிருந்து வந்த சொல். மரக்கிளையில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். அது இந்தியப் பக்கத்திலிருந்து கப்பலேறி இத்தாலிக்குப் போனது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியப் படங்கள் சிலவற்றின் செந்நிற ஆடைகளில் அதன் சாயம் இருப்பதை நேஷனல் கேலரியின் ஆய்வகத்தார் கண்டிருக்கிறார்கள்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் பார்க்கும் நிறம் அன்று பூசிய நிறம் இல்லை. செம்பிலிருந்து செய்த பச்சை பழுப்பாகிவிடும், சிவப்பு லேக் வெளிறிவிடும். உச்செல்லோவின் வீரர்களுடைய கவசத்தில் வெள்ளி ரேக்கு ஒட்டியிருந்தார், அது கறுத்துவிட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தக் கவசங்கள் மினுங்கியிருக்கும் என்பதைக் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நான் முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நேஷனல் கேலரியில் இருக்கும் மறுமலர்ச்சிப் படங்களில் ஒன்றுகூட அருங்காட்சியகத்தில் மாட்டுவதற்காக வரையப்பட்டதில்லை. அருங்காட்சியகம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. ஒரு படத்தின் முன் நின்று என்ன பார்ப்பது என்று தெரியாவிட்டால், 'இது முதலில் எங்கே இருந்தது?' என்று மட்டும் கேளுங்கள். பாதிக் கதவு திறந்துவிடும்.

கிரிவெல்லியின் படத்துக்கே இதைக் கேட்போம். அது இத்தாலியின் ஆஸ்கோலி பிச்சேனோ என்ற சிறு நகரத்தில், ஒரு மடத்துக் கோயில் பீடத்தின் மேல் இருந்தது. படத்தில் கபிரியேலின் பக்கத்தில் ஒரு ஆயர், அதாவது பிஷப், மண்டியிட்டு, கையில் ஏதோ பொம்மை ஊர் வைத்திருக்கிறார். அவர் அந்த ஊரின் பாதுகாவலர் புனித எமிதியுஸ். பொம்மை ஊர் ஆஸ்கோலிதான். 1482இல் போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டஸ் அந்த நகரத்துக்கு ஓரளவு சுயாட்சி கொடுத்தார். அந்தச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்த நாள் மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். ஊருக்கு நல்ல சேதி வந்த நாளும் மரியாளுக்கு நல்ல சேதி வந்த நாளும் ஒன்றாகிவிட்டது! படத்தின் அடியில் லத்தீனில் பொறித்திருப்பதும் அந்தச் சுதந்திரத்தைத்தான். பின்னால் வளைவுக்கு மேல் ஒருவர் கடிதம் படித்துக்கொண்டு நிற்பதும் அந்தச் செய்தியை நினைத்துத்தான் என்பார்கள். இப்போது பாருங்கள், தேவதூதர் ஏன் மாளிகைக்குள் போகாமல் தெருவில் ஊர்க்காரரோடு பேசிக்கொண்டு நிற்கிறார் என்பது புரிகிறது அல்லவா? 'மரியாளிடம் போகும் வழியில் எங்கள் ஊரையும் கொஞ்சம் கவனியுங்கள்' என்று எமிதியுஸ் வழிமறித்துச் சிபாரிசு செய்கிறார். நெப்போலியன் காலத்தில் இந்தப் படம் மடத்தைவிட்டு மிலானுக்குப் போய், கைமாறி இங்கிலாந்துக்கு வந்து, 1864இல் அன்பளிப்பாக கேலரிக்குக் கிடைத்தது. அந்த ஊர் ஜனங்கள் மார்ச் 25 அன்று இதன் முன் மண்டியிட்ட அர்த்தம் அதோடு கப்பலேறி வரவில்லை. அதைத்தான் நாம் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

பொத்திச்செல்லியின் 'வீனஸும் மார்ஸும்' ஏன் இவ்வளவு நீளம், இவ்வளவு குட்டை? வீட்டுக்குள், அநேகமாகப் படுக்கையறையில், பெட்டி அல்லது பெஞ்சுக்கு மேலே சுவரில் பதிக்கச் செய்தது. அதனால்தான் போர்க் கடவுள் அசந்து தூங்க, காதல் தேவி விழித்திருக்கிறாள். கல்யாண வீட்டு வேடிக்கை.

ஹோல்பைன் என்ற ஜெர்மன் ஓவியர் 1533இல் வரைந்த 'தூதர்கள்' இந்தக் கேள்விக்கென்றே செய்தது போன்ற படம். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஓக் பலகை. இடது பக்கம் பிரெஞ்சுத் தூதர் ஜான் டி டின்ட்வில், வலது பக்கம் அவருடைய நண்பரான ஆயர் ஜார்ஜ் டி செல்வ். ஒருவருடைய வயது 29, இன்னொருவருடைய வயது 25. ஒன்று குத்துவாள் உறையில், இன்னொன்று புத்தகத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறது. நடுவில் அலமாரி நிறைய உலகம்: பூகோள உருண்டை, சூரியக் கடிகாரங்கள், கணக்குப் புத்தகம், லூட் என்ற தந்தி வாத்தியம். வாத்தியத்தில் ஒரு தந்தி அறுந்திருக்கிறது. ஐரோப்பாவில் சமயப் பிளவு முற்றிக்கொண்டிருந்த சமயம் அது. இடது மேல் மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவை.

கீழே தரையில் மட்டும் ஏதோ இழுபட்ட சாம்பல் நிறக் கறை. நேராகப் பார்த்தால் என்னவென்றே தெரியாது. படத்தின் வலது பக்கச் சுவரோடு ஒட்டி நின்று சாய்வாகப் பார்த்தால் மண்டையோடு. அந்தக் கோணத்தில் தூதர்களும் பட்டும் உருண்டையும் உருத்தெரியாமல் போய்விடுகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. டின்ட்விலின் சொந்த மாளிகையில் இருந்த படம் இது; கதவோ படிக்கட்டோ பக்கத்தில் இருந்து, கடந்து போகிறவர் தற்செயலாகத் திரும்பினால் எலும்பு முகம் தெரியும்படி மாட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கிறார்கள். இந்த மண்டையோட்டைக் கைபேசியிலும் பார்க்கலாம். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, வலது ஓரத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள்.

சரி, பலிபீடத்துக்கும் படுக்கையறைக்கும் செய்த இவையெல்லாம் எப்படிப் பொதுமக்கள் சொத்தாயின? பாரிஸின் லூவ்ரும் ஃபிளாரன்ஸின் உஃபிஸியும் மன்னர்களும் கோமகன்களும் சேர்த்தவற்றிலிருந்து பிறந்தவை. லண்டன் கதை வேறு. 1824இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்ற பணக்காரர் விட்டுச்சென்ற 38 படங்களை 57,000 பவுண்டுக்கு வாங்கி, அவருடைய வீட்டிலேயே மக்களுக்குத் திறந்துவிட்டது. 1838இல் டிரஃபால்கர் சதுக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. பணக்காரர் மேற்கிலிருந்து வண்டியில் வரட்டும், ஏழைகள் கிழக்கிலிருந்து நடந்து வரட்டும் என்று நடுவில் இடம் பார்த்தார்கள். நிலையான தொகுப்பைப் பார்க்க இன்றும் கட்டணம் இல்லை. இப்போது இரண்டாயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள்.

1939இல் போர் வந்தபோது எல்லாப் படங்களையும் லண்டனிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1941இல் வேல்ஸில் மனோட் என்ற மலைக்குள் இருந்த பலகைக்கல் சுரங்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே வெப்பமும் ஈரப்பதமும் ஏறாமல் இறங்காமல் இருந்ததால் பழைய மரப் பலகைகள் விரியாமல், பூச்சு உதிராமல், ஊரில் இருந்ததைவிட நன்றாக இருந்தன. போருக்குப் பிறகு கேலரி அறைகளைக் குளிரூட்டத் தொடங்கியதற்கு அந்தச் சுரங்கம் கற்றுக்கொடுத்த பாடமும் ஒரு காரணம். இதற்கிடையே, குண்டு விழும் நகரத்தில் பார்க்க ஒரு படமாவது வேண்டும் என்று மக்கள் கேட்க, 1942இலிருந்து மாதம் ஒரே ஒரு படத்தைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். அந்த வரிசையில் முதலில் வந்தது டிஷியனின் 'என்னைத் தொடாதே'. காலியான அறைகளுக்கு நடுவே ஒரு படம். அப்படி ஒரு படத்தை மட்டும் பார்க்க நமக்கும் வாய்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. பெரிய அருங்காட்சியகத்தில் நாற்பதாவது மரியாளின் முன் நிற்கும்போது கால்தான் வலிக்கும், கண் வேலை செய்யாது.

படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஓவியர்களை மாஸ்டர் என்கிறோமே, அது அன்று வெறும் புகழ்ச்சி வார்த்தை இல்லை. தொழில் சங்கத்தில் இடம் பெற்று, சொந்தப் பட்டறை வைத்து, பையன்களைச் சேர்த்து வேலை கற்றுக்கொடுத்தவர்தான் மாஸ்டர். முகத்தை அவர் வரைய, துணிமணியைச் சீடர் வரைவது சகஜம். அதனால் அட்டையில் 'ரஃபேல்' என்று இருப்பதற்கும் 'ரஃபேல் பட்டறை' என்று இருப்பதற்கும் 'ரஃபேலைப் பின்பற்றியவர்' என்று இருப்பதற்கும் நிறைய வித்தியாசம். அட்டைகள் மாறவும் செய்யும்.

ரஃபேல் 1511இல் வரைந்த போப் இரண்டாம் ஜூலியஸின் படம் இதற்கு நல்ல உதாரணம். நரைத்த தாடியோடு, நாற்காலியில் உட்கார்ந்து, கீழே பார்த்தபடி ஏதோ கவலையில் இருக்கும் கிழவர். ஆங்கர்ஸ்டைனின் அந்த முதல் 38 படங்களிலேயே இது வந்துவிட்டது. ஆனால் பிற்பாடு இது நகல்தான், அசல் ஃபிளாரன்ஸில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1970 வாக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பச்சைத் திரைக்கு அடியில் வேறொரு பின்னணி தெரிந்தது: போப்பின் சாவிகளும் மகுடமும் நெய்த துணி. ஓவியர் முதலில் அதை வரைந்து, பிடிக்காமல், பச்சை பூசியிருக்கிறார். நகல் எடுப்பவருக்கு மனம் மாற வேண்டிய தேவை இல்லை. முடிந்த படத்தைப் பார்த்து வரைந்தால் போதும். மனம் மாறிய தடயம் இருந்தால் அது யோசித்து வரைந்த கை. கூடவே, அசல் ஒரு காலத்தில் இருந்த ரோமின் போர்கேஸெ குடும்பத் தொகுப்பின் 118 என்ற எண்ணும் கிடைக்க, படம் மறுபடி ரஃபேல் ஆனது. சுவரில் தொங்கியது என்னவோ அதே படம்தான். லியோனார்டோவின் 'பாறைகளின் கன்னி' படத்துக்கு அடியிலும் 2005இல் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது முற்றிலும் வேறொரு மரியாளின் கோட்டோவியம் கிடைத்தது.

இவற்றையெல்லாம் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. நேஷனல் கேலரியின் இணையதளத்தில் ஒவ்வொரு படத்தையும் நெருக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அளவு தெரியாது, அது ஒரு குறை. அர்னோல்ஃபினியும் தூதர்களும் திரையில் ஒரே உயரமாகிவிடுவார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் கயிறு கட்டிய தூரத்திலிருந்து தெரியாத நாய் ரோமம் திரையில் தெரியும். கிரிவெல்லியின் படத்தைத் திறந்து வெள்ளரிக்காயில் தொடங்குங்கள். அப்புறம் தெருவழியே உள்ளே போங்கள். தொலைவில் ஒருவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வானத்துக் கதிரை அண்ணாந்து பார்க்கிறார். இடது பக்கம் மாடிப்படி உச்சியில், சுவருக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி, ஒரு சின்னப் பெண் குழந்தை கீழே தெருவை எட்டிப் பார்க்கிறாள்.